தொரை வைத்த களவுப் பூட்டு

"சாவி போட்டும் அசையுதில்லையே, காளிமுத்து!"

கண்டியில் புடவைக்கடை வைத்திருந்த ஹாஷிம் முதலாளி தமது வீட்டு வாசலில், வெள்ளைக்காரத் தோட்டத் தொரையிடம் வாங்கிய காரின் பக்கத்தில் வியர்த்து நின்றார். நடுப்பகலுக்கு முன் தெல்தெனியாவில் இருக்க வேண்டும். மனைவி றம்லத்தின் சீதன வயலை வாங்குகிறவர் அங்கே உறுதி எழுதும் நொத்தாரிசு வீட்டில் காத்திருந்தார். நாளை அவர் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏறுகிறார். வயல் விலைபோனால் இரண்டாவது கார் வரும். கையொப்பம் வைக்க வேண்டிய றம்லத், வழக்கப்படி பின் ஆசனத்தில் திரைக்குள் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அபிப்பிராயத்தை எவரும் கேட்கவில்லை.

"தொரைமாரு காருல களவுப் பூட்டு இருக்கும்ங்க," என்றான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்த காளிமுத்து. "எங்கயாச்சும் ஒரு பொத்தான ஒளிச்சு வெச்சிருப்பாங்க. அத அமுக்கிப் புடிச்சிருக்கிற வரைக்கும் கரண்டு கட்."

"பூட்டு ஈக்குது என்டு தொரையும் செல்லித்தான் வித்தாரு. எங்க ஈக்குது என்டு செல்ல முந்தி சீமைக்குப் போயிட்டாரே!"

காளிமுத்து முன் ஆசனத்தைக் கழற்றித் தரையில் வைத்தான். ஒன்றுமில்லை.

"பின்னாடி பாக்கணும், மொதலாளி."

"பொம்புள ஈக்கக்குள்ள திரைக்குள்ள தலையப் போடப் போறியா?"

றம்லத் இறங்கி வீட்டுக்குள் போனாள். காளிமுத்து திரையைத் தொடுமுன் முதலாளி சாவியைத் திருப்பினார். எஞ்சின் பாடியது.

"சரியாப் போச்சு! இனி என்னத்தப் பாக்கிற? சீட்டப் போடு! றம்லத், ஏறு, ஏறு!"

றம்லத் ஏறினாள். திரைக்குள் வளையல் குலுங்கியது. எஞ்சின் செத்தது.

காளிமுத்து வயரை மாற்றினான். "பூட்டு விழுந்தா இனி ஹோர்ன் கத்தும். எப்ப விழுதுன்னு தெரிஞ்சிரும்ங்க."

காளிமுத்தும் ஏறிக்கொள்ள, கார் கிளம்பித் தெல்தெனியாப் பாதையில் ஓடியது; தென்னக்கும்புரைச் சந்தியில் ஊருக்கே தெரிந்தது. ஹோர்ன் ஓலமிட, வண்டி மாடுகள் மிரண்டன.

"இது யாருட காரு?" என்று கேட்டார் ஒரு கடைக்காரர்.

"என்ட கார்தான்!"

"அப்ப ஏன் கள்ளனக் கண்ட மாதிரிக் கத்துது?"

றம்லத்தைப் பக்கத்து வீட்டில் இறக்கினார்கள்; கார் ஓடியது. ஏற்றினார்கள்; கத்தியது.

"பாரம் தாங்கலயோ?" என்று முணுமுணுத்தான் காளிமுத்து.

பாரத்தைக் குறைக்க முதலாளியே இறங்கித் தள்ளினார். கோட்டு கிழிந்தது, தொப்பி சேற்றில் விழுந்தது. பள்ளிவாசலில் நடுப்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஒலித்தபோது, வயலை வாங்க இருந்தவர் எதிரே வந்த பஸ்ஸிலிருந்து ஸலாம் சொல்லிக் கையசைத்துவிட்டுக் கண்டிப் பக்கம் போய்விட்டார்.

ஹோர்ன் சட்டென்று ஓய்ந்தது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பாடியது. வீடு வரைக்கும் கார் ஒரு தும்மல்கூடப் போடவில்லை.

வாசலில் காளிமுத்து தலையைச் சொறிந்தான். "நாளைக்கு வந்து அந்தப் பூட்டக் கண்டுபிடிச்சு சரியாக்கித் தாரேங்க."

அன்று முதல் தடவையாகத் திரைக்குள்ளிருந்து குரல் வந்தது:

"பூட்டுல ஒரு பழுதும் இல்ல, காளிமுத்து. பொத்தான் என்ட கைக்குக் கீழதான் ஈக்குது. கள்ளன் ஏறினா அமுக்கத்தானே தொரை வெச்சாரு?"