இடது கண்ணாடிக்கு அரைப் பேர்

மோட்டார் சைக்கிளின் இடது கண்ணாடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அது பதில் சொல்லும்வரை காத்திருந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். பதுளையில் எங்கள் அலுவலக வாசலில் காக்கிச் சட்டையோடு நின்றார். அந்தக் கண்ணாடிக்குப் பதிலாக வாயைத் திறந்து "இருக்கு!" என்று கத்திய மடையனும் ஒருவன்தான். அது நான்.

என் யோக்கியதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் காப்புறுதி நிறுவனமொன்றில் வேலை பார்க்கிறேன். வண்டி களவு போய்விட்டது என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு வருகிறவர்களிடம், "பூட்டினீங்களா? எங்க நிறுத்தினீங்க? யாரு பாத்துக்கிட்டா?" என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, கடைசியில் 'உரிமையாளரின் கவனக்குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று மேலதிகாரிகளே சொல்லியிருக்கிறார்கள்.

நான் ஓட்டிய வண்டி என்னுடையது அல்ல. என் மனைவி செல்வியின் ஒரே தம்பி ரவி, கட்டாருக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. கறுப்பு வண்டி. பளபளவென்று இரண்டு கண்ணாடி, பனிக்கு மஞ்சள் லைட் இரண்டு, பக்கத்தில் பெட்டி, அதன்மேல் மழையுறை. மாப்பிள்ளைக்குச் செய்த அலங்காரம் போல அத்தனையும் பார்த்துப் பார்த்துப் பூட்டியிருந்தான்.

"மச்சான், ரெண்டு வருசந்தான். எப்படிக் குடுத்தேனோ அப்படியே திருப்பிக் குடுக்கணும். ஒங்கள நம்பித்தான் போறேன்" என்றான்.

"டேய், நான் இன்சூரன்ஸ்காரன். எனக்கே சொல்றியா?" என்றேன் நான்.

முதல் மாதமே அப்புத்தளை ஸ்டேஷன் வாசலில் ரவியின் ஹெல்மெட் போனது. மூன்றாம் மாதம் பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இடது கண்ணாடி போனது. பழைய சாமான் கடையில் தேடி, மூலையில் வெடிப்பு விழுந்த ஒரு கண்ணாடியை வாங்கிப் பூட்டினேன். செல்வி அதைப் பார்த்துவிட்டு, "கழுத்துக்கு மேல தலை இருக்கான்னு ஒருக்கா தடவிப் பாத்துக்குங்க. அதையும் எவனாச்சும் கழட்டிக்கிட்டுப் போயிருப்பான்" என்றாள். பிறகு குரல் கம்மிப்போய், "ஆசைப்பட்டு வாங்கின வண்டிங்க. அவன் வந்து கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்?" என்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பெரட்டண்ணன் எங்கள் அலுவலகத்துக்குக் காவலாளியாக வந்தார். ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டமொன்றில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற பெரட்டை முப்பது வருடம் பார்த்த மனிதர். தோட்டம் அவரை விட்டது, பெரட்டு அவரை விடவில்லை. வந்த இரண்டாம் நாளே எங்கள் பதினொரு மோட்டார் சைக்கிள்களையும் வரிசையாக நிறுத்தி, காலை எட்டரைக்கும் மாலை நாலரைக்கும் பெரட்டு எடுக்கத் தொடங்கிவிட்டார். அன்றைக்கே அந்தப் பெயரும் அவருக்கு ஒட்டிக்கொண்டது.

"தியாகு ஐயா வண்டி! வலது கண்ணாடி?"

நான் என் பாட்டுக்கு உள்ளே நடந்தேன்.

"வலது கண்ணாடீ?" இந்த முறை அந்தக் குரல் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போய்ச் சேருகிற குரல்.

"அண்ணே, அதான் கண்ணு முன்னால இருக்குல்ல?"

"எனக்குத் தெரியுதுங்க. ஆளு பதில் சொல்லணும். பதில் சொல்லாத ஆளுக்குப் பேரு கெடையாது."

டியூஷனுக்குப் போகிற பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பஸ் ஜன்னலிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். நான் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு, "இருக்கு" என்றேன்.

"இடது கண்ணாடி?"

"இருக்கு."

கிட்டே வந்து வெடிப்பைத் தடவினார். கொழுந்து எடை குறைந்த நாளில் தோட்டத்தில் பாதி நாள் சம்பளத்தை வெட்டிப் பேர் போடுவார்களே, அந்தத் தண்டனையை அந்த இடத்திலேயே அறிவித்தார். "இடது கண்ணாடி, அரைப் பேரு!"

அலுவலகமே சிரித்தது. என் மேசைக்குப் பக்கத்து மேசை நிமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மறுநாள் அவன் முறை வந்தபோது சிங்களத்தில் "தியெனவா!" என்று கத்தினான். பெரட்டண்ணன் கொஞ்சமும் யோசிக்காமல், "சிங்களத்துல இருந்தாலும் இருக்குறது இருக்குறதுதான். முழுப் பேரு" என்றார். மேலாளரின் வண்டியில் பின் லைட் உடைந்திருந்தது. அவருக்கும் அரைப் பேர்தான் விழுந்தது. மனுஷன் மறுநாளே புது லைட் போட்டுக்கொண்டு வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முதல் ஆளாக வரிசையில் நின்றார்.

எனக்கு மட்டும் கர்வம் அடங்கவில்லை. படித்தவன் அல்லவா! கொழும்பிலிருந்து அலாரம் ஒன்று வரவழைத்துப் பூட்டினேன். யாராவது தொட்டால் ஊரையே கூட்டும் என்று பெட்டியில் எழுதியிருந்தது. தொட்டால்தானே? தூறல் விழுந்தாலும் கூட்டியது, லொறி போனாலும் கூட்டியது, மேலாளர் தும்மினாலும் கூட்டியது. பெரட்டண்ணன் அதைப் பெரட்டில் சேர்க்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

"இது வேலை செய்ற ஆளு இல்லீங்க ஐயா. சும்மா சத்தம் போடுற ஆளு."

இரண்டாம் வாரம் ஒரு கலியாண வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், வண்டி பத்திரமாக இருக்கிறது, அலாரத்தைக் காணோம். ஒரு சத்தமும் போடாமல் போயிருக்கிறது. இதை நான் இன்றுவரை செல்வியிடம் சொல்லவில்லை. இந்தப் பத்திரிகையை அவள் வாசிப்பாள் என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

எப்படியோ இரண்டு வருடம் ஓடியது. ரவி வருகிற நாளும் வந்தது. கொழும்பு பஸ்ஸில் வந்து நேரே அலுவலகத்தில் இறங்கி வண்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். நான்கு மணிக்கு, அவனுக்குப் பிடித்த தொதல் இனிப்பு வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன். நல்ல தூறல். வண்டியை நிறுத்தினேன், தொதலை வாங்கினேன், மழைக்கோட்டைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வண்டியை முறுக்கிப் பறந்து வந்து பெரட்டில் நின்றேன். இன்றைக்கு ஒரு நாள் தப்பித்தால் போதும் என்று மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"வலது கண்ணாடி?"

"இருக்கு."

"இடது கண்ணாடி?"

"இருக்கு, இருக்கு. சீக்கிரம் முடிங்கண்ணே, மச்சான் வந்துருவான்."

பெரட்டண்ணன் குனிந்து கண்ணாடியில் இருந்த மழைத்தண்ணியைப் பெருவிரலால் துடைத்தார்.

"ஐயா, காலையில இந்த ஆளு அரைப் பேரு. இப்ப முழுப் பேரா நிக்குது."

"நல்லதுதானே?"

"வெடிச்ச கண்ணாடி தானா ஒட்டிக்குமுங்களா?" அப்படியே பின்னால் போய் நம்பர் தகட்டைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. "ஐயா, இது நம்ம ஆளே இல்லீங்க. வேற தோட்டத்து ஆளு!"

அதே கறுப்பு, அதே கம்பெனி, அதே பெட்டி. தேய்ந்துபோன என் சாவி அதற்கும் பொருந்தியிருக்கிறது. இருபது வருடமாகக் களவுபோன வண்டிகளைப் பற்றி எழுதிய நான், பட்டப்பகலில், பதுளைக் கடைத்தெருவில், ஒருவனுடைய வண்டியைக் களவெடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கையில் தொதல் வேறு.

"ரவி வண்டி அங்க அநாதையா நிக்குதுண்ணே! போச்சு, எல்லாம் போச்சு!" என்று நான் அழாத குறை.

"ஏறுங்க ஐயா" என்றார். வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூடக் காவலை விட்டு நகராதவர், நிமலைக் கேட்டில் நிறுத்திவிட்டு என் பின்னால் ஏறி உட்கார்ந்தார். காக்கிச் சட்டைக்காரர் பின்னால் உட்கார, முகமெல்லாம் வெளிறிப்போய் நான் ஓட்டிப் போனதைப் பார்த்தவர்கள், என்னைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றே நினைத்தார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அப்படி ஒரு கதை செல்வியின் காதுக்கும் போயிருந்தது.

ரவியின் வண்டி இருந்தது. அதைச் சுற்றி இருபது முப்பது பேர். அதன்மேல் முறுக்கு மீசையோடு ஓர் உருளைக்கிழங்கு வியாபாரி ஏறி உட்கார்ந்திருந்தார். "என் வண்டி வர்ற வரைக்கும் இத விடமாட்டேன்! பொலிஸ் வரட்டும்!" என்று கத்திக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும், "இந்தா வந்துட்டான் கள்ளன்!" என்று பாய்ந்தார். நான் தொதல் பொட்டலத்தைக் கேடயமாகப் பிடித்தேன்.

பெரட்டண்ணன் நடுவில் வந்து நின்றார். "வெலகுங்க! பெரட்டு எடுக்கணும்!"

அந்தக் குரலுக்குக் கூட்டம் தன்னையறியாமல் வரிசையாகிவிட்டது. பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள்தானே. ரவியின் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, அவர் சொல்லத் தொடங்கினார்.

"தியாகு ஐயா வண்டி. இடது கண்ணாடி, மேல் மூலையில வெடிப்பு, அரைப் பேரு. சீட்டு, வலப்பக்கம் ரெண்டு விரக்கடை கிழிசல், அரைப் பேரு. மஞ்ச லைட்டு ரெண்டும் முழுப் பேரு. பெட்டி மூடியில ஆணி கீறின கோடு. சரியா இருக்கான்னு பாருங்க!"

பார்த்தார்கள். ஒன்றும் தப்பவில்லை. பிறகு வியாபாரியின் வண்டிப் பக்கம் திரும்பி, "இப்ப ஒங்க வண்டி. நீங்கதான் பதில் சொல்லணும். வலது கண்ணாடி?" என்றார்.

மீசைக்காரர் விழித்தார். "இ... இருக்கு" என்றார். ஹார்னுக்கு வரும்போது அவர் குரலும் நன்றாக ஏறிவிட்டது. எல்லாம் முழுப் பேர். கடைசியில் அவரே சிரித்துவிட்டார். தொதலில் பாதி அவருக்குப் போனது.

நாங்கள் திரும்பி வரும்போது ரவி கேட்டில் பையோடு நின்றிருந்தான். வண்டியைச் சுற்றி ஒரு சுற்று வந்தான். தொலைந்த கதையெல்லாம் என் வாயாலேயே கேட்டிருந்த பெரட்டண்ணன் என்னைப் பார்த்தார். "ஹெல்மெட்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல" என்றேன்.

"இடது கண்ணாடி?"

"அரைப் பேரு. நான்தான் தொலைச்சேன், ரவி. மன்னிச்சுக்கடா."

ரவி என்னை ஏற இறங்கப் பார்த்தான். "போங்க மச்சான்! அக்கா எல்லாத்தையும் அன்னைக்கே போன்ல சொல்லிருச்சு. ரெண்டு வருசமா எப்ப சொல்வீங்கன்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றான். வண்டியே காணாமற் போயிருக்கும் என்று பயந்துகொண்டிருந்தானாம். பிறகு என்னையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

மறுநாள் நான் பஸ்ஸில் வந்தேன். சாயங்காலம் நாலரைக்குப் பத்து வண்டிகளுக்கும் பெரட்டு நடந்தது. எனக்கு அங்கே என்ன வேலை? குடையை விரித்துக்கொண்டு ஓரமாக நழுவினேன்.

"தியாகு ஐயா?"

திரும்பினேன். "அண்ணே, என்கிட்டதான் இப்ப வண்டியே இல்லையே?"

"வண்டியக் கேக்கலீங்க. ஆளக் கேட்டேன்."

"இருக்கேன்" என்றேன்.

"முழுப் பேரு. மழை வருது, பாத்துப் போங்க."

அன்றிலிருந்து கடைசிப் பேர் என்னுடையதாகிவிட்டது. போன வருடம் அவர் மொனராகலையில் மகள் வீட்டோடு போய்விட்டார். இப்போது வாசலில் கெமரா பூட்டியிருக்கிறார்கள். அது எல்லாரையும் பார்க்கிறது, ஒருவரையும் கூப்பிடுவதில்லை. ஆனாலும் நாலரைக்கு அந்தக் கேட்டைத் தாண்டும்போது ஒரு நிமிடம் நின்று, யாருக்கும் கேட்காமல், "இருக்கேன், அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போகிறேன்.