எனக்கு நானே அனுப்பிய நினைவூட்டல்

அலுவலகக் கடிதத்துக்குப் பதினான்கு நாட்களுக்குள் பதில் போக வேண்டும். முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்றாவது எழுத வேண்டும். கண்டியில் பிரதம லிகிதராக இருந்த காலமெல்லாம் இந்த விதியைச் சொல்லியே பலரை அழவைத்தவன் நான்.

ஓய்வுபெற்றதும் கட்டுகஸ்தோட்டை மர வியாபாரிகள் என்னைத் தங்கள் சங்கத்துக்குச் செயலாளராக்கினார்கள். (சம்பளம் கேட்காத ஆள் வேறு அகப்படவில்லை.) அதே காரணத்துக்காகத் தச்சர் சங்கமும் என்னையே பிடித்தது.

அந்த வருட மழையில் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலைக்குள் மண் சரிந்து, மேசை, உட்காரும் வாங்கு எல்லாம் நாசமாயின. வியாபாரிகளின் தலைவர் நிஸ்தார் ஹாஜியார் பலகை தருவதாகச் சொன்னார். தச்சர்களின் தலைவர் முத்தையா, கூலியில்லாமல் செய்து தருவதாகச் சொன்னார். தேநீர் ஆறுமுன் விஷயம் முடிந்துவிட்டது. நான்தான், "எழுத்தில் வரட்டும்" என்றேன்.

தச்சர் சங்கச் செயலாளராக இருந்து, வியாபாரிகள் சங்கச் செயலாளருக்கு, அதாவது எனக்கு, பலகை கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதினேன். கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்டேன். பதில் போடச் செயற்குழுத் தீர்மானம் வேண்டும். இரண்டு முறை கூட்டியும் போதிய ஆட்கள் வரவில்லை. ஆகவே எனக்கு நானே ஒரு நினைவூட்டல் அனுப்பினேன், சற்றுக் கடுமையாக. (வாசித்தபோது மனம் நொந்தது.)

பாடசாலைத் தவணை தொடங்கிய அன்று, அங்கே ஆசிரியையாக இருந்த முத்தையாவின் மகள் எங்கள் மூவரையும் வரவழைத்தார். பிள்ளைகள் உரச்சாக்கு விரித்து, முழங்காலில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"ஸ்கொலர்ஷிப் வகுப்புப்பா இது. இப்படியே உக்காந்து படிக்கணுமா?"

"பலகை வந்தாத்தானேம்மா செய்ய? ஹாஜியார்கிட்ட இருந்து பதிலே இல்ல."

"பதிலா? எனக்குக் கடிதமே வரல்லியே! பலகைய அறுத்து அடுக்கி ஒரு மாசம். நீங்க மனசு மாறிட்டீங்கண்டு நெனச்சேன்."

"ரெஜிஸ்டர்ல போச்சே, ஹாஜியார்!"

"யாருக்கு?"

"உங்க செக்ரட்டரிக்கு."

"அனுப்பினது?"

இருவரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். நான் கைப்பையிலிருந்து கோப்பை எடுத்தேன். இரண்டு கடிதமும் ஒழுங்காக, இலக்கமிட்டு, அதில் இருந்தன.

"அப்ப ஐயா," என்றார் ஆசிரியை, "நீங்கதான் உங்களுக்குப் பதில் போடாம இருந்தீங்களா?"

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் வகுப்பே எழுந்து நின்றது. அங்கிருந்தே தன் மர ஆலைக்குப் போன் போட்டார். பகலுக்குள் லொறி வந்தது. பின்னாலேயே தச்சர்கள் வந்து முற்றத்தில் வேலையைத் தொடங்கினார்கள். முத்தையா என் கையில் மரம் தேய்க்கும் மண்கடதாசி ஒன்றைத் திணித்தார்.

"இதுக்குத் தீர்மானம் வேணாம் சேர். தேய்ங்க."

தேய்த்தேன். மூன்றாம் நாள் பிள்ளைகள் மேசையில் உட்கார்ந்தார்கள். முன்வரிசை மேசைகள் கொஞ்சம் சொரசொரப்பு; அவை என் கைவண்ணம்.

இன்றைக்கும் நான் இன்னொரு கோப்பை தேநீர் கேட்டால், மனைவி, "செயற்குழு கூடட்டுங்க" என்பாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. வியாபாரிகள் சங்கச் செயற்குழு பிறகு ஒருவழியாகக் கூடிச் சம்மதித்து, நான் முறைப்படி தபாலில் சேர்த்த பதிலைக் கையொப்பமிட்டு வாங்கியவள் அவள்தான். "இந்தாங்க, உங்களுக்கு நீங்க எழுதினது" என்று நீட்டினாள். அந்த மேசைகளில் படித்த பிள்ளைகள் அதற்குள் ஸ்கொலர்ஷிப் பரீட்சையே எழுதி முடித்திருந்தார்கள். உறையின் மேல் வழக்கம்போல் குறித்துவைத்தேன்: கிடைத்த திகதி, நவம்பர் 17.