திருமலைசாமி படகில் தண்ணீர் நிரப்பிய படலம்

கேளீர் கேளீர், கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடலுக்குச் சவால் விட்ட காளையின் கதையை! பம்புசெட் படைத்த பிரமனே, பெரியநாயக்கன்பாளையத்துப் பேராண்மையே, பெற்ற தாய் சொன்னாலும் இன்னொருவனைக் கேட்டுப் பார்க்கும் எஃகு நெஞ்சனே, அறுபத்து மூன்று வயதுத் திருமலைசாமியே, நீ வாழ்க! உன் வழுக்கையும் வாழ்க!

இருவர் படுக்கச் சின்ன அறை கொண்ட இருபதடி மரப் பாய்மரப் படகொன்றை, தொண்ணூற்று நாலாம் ஆண்டுத் தை மாதம், கொச்சிக் கரீமிடம் வாங்கி, லாரியில் ஏற்றிக் கணவாய் கடந்து, தன் வாசலில் இறக்கினான் வீரன். மரம் காய்ந்தால் பலகை விலகும், ஊற வைத்தால் தானே கூடிக்கொள்ளும் என்று கரீம் சொன்னதை, விற்கிறவன் பேச்சு என்று காதிலேயே வாங்கவில்லை. சித்திரை வெயிலில் பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து விழுந்தது. விடுவானா? மில் பஞ்சுக் கழிவைத் திரித்துத் திரித்து, கோட்டை வாயில் அடைக்கும் தளபதிபோல் சந்துதோறும் உளியால் திணித்தான். தார் காய்ச்சிப் பூசினான். சென்னிமலைப் பெட்ஷீட் பதினாறைத் தைத்துப் பாயாக்கினான். கட்டம் போட்ட அந்தப் பாய் காற்றில் எழுந்தபோது தெரு நாய்கள் திசைக்கொன்றாய்ச் சிதறின.

அப்போதுதான் இல்லத்தரசி ராமாமணியின் பிரகடனம் இடியென முழங்கியது. "ஏனுங்க, சோதிச்சுப் பாக்கற அன்னைக்குப் பொழுது சாயறப்போ ஒரு சொட்டு ஒழுகுனாலும் இது வெறகுங்க. ஒழுகலைன்னா நானும் கொச்சிக்கு வாரேன், இதுலயே ஏறறேன்." முப்பத்தெட்டு வருடத்தில் அவனோடு பொள்ளாச்சிச் சந்தைக்குக்கூடப் போகாதவள் தந்த வரம் அது! வீரனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பது உலக வழக்கு. உள்ளே தண்ணீர் விட்டு ஓட்டை பார்ப்பது பம்பு வார்ப்பவன் வழக்கு. ஆகவே, பதினோரு நாளுக்கொருமுறை குழாயில் தண்ணீர் வரும் திருநாளன்று, ராமாமணி அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து, வீட்டுத் தொட்டிக்குப் போகும் ரப்பர் குழாயைத் திருப்பிப் படகின் வயிற்றில் விட்டான் மாவீரன். சொட்டு விழுந்தால் தெரியட்டும் என்று அடியில் சுண்ணாம்புப் பொடி தூவிக் குப்புறப் படுத்தான்.

அந்தோ! ஒன்பது இடத்தில் ஒழுகிற்று. ராமாமணி அரிவாளைத் தீட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "போச்சாதுங், போனாப் போகுது, நல்லா எரியும்." வீரன் எழவில்லை. ஆனால் விந்தை கேளீர்! உச்சி வெயிலுக்குள் மரம் ஊறி, பலகை புடைத்து, ஒன்பது எட்டாகி, எட்டு மூன்றாகி, மூன்றும் அடங்கின. கரீம் சொன்னது சரிதான் என்று வீரனின் வாய் மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

பொழுது சாய்ந்தது. படகின் பின்பக்கம் புத்தம் புதிதாக ஓர் ஈரம்! சொட், சொட்! அரிவாள் எழுந்தது. அறுபத்து மூன்று வயது உடம்பு குண்டு பாய்ந்த யானைபோல் தவழ்ந்து அந்தப் பக்கம் போய் நிமிர்ந்தது. அங்கே ஏணிமேல் இடுப்பில் குடத்தோடு நின்றாள் பக்கத்து வீட்டுப் பங்காரம்மா.

"கோவிச்சுக்காதீங்கண்ணா, ரெண்டு கொடம் மோந்துக்கிட்டனுங்க. படகு ஒழுகலீங்க. ஒழுகறது என்னோட ஓட்டைக் கொடமுங்க!"

வென்றான்! பஞ்சும் தாரும் வென்றன! பெட்ஷீட் பாய் விம்மிற்று! மீசையை முறுக்கி, கைகளை விண்ணோக்கி உயர்த்தி, "அம்மணி, பொட்டிய எடு! கொச்சிக்கு லாரி பேசறேன்!" என்று எட்டுத் திக்கும் அதிர முழங்கினான்.

"சொன்ன சொல் மாற மாட்டனுங்க," என்றாள் ராமாமணி, தன் காலித் தொட்டியைப் பார்த்துவிட்டு. "இனிப் பதினோரு நாளைக்கு வூட்டுக்கு இந்தப் படகுத் தண்ணிதானுங்க. இது தீரட்டும், வாரேன்."

பிறகு படகில் சொம்பை விட்டு மோந்து பாத்திரம் கழுவினாள்.