எனக்கு முன்னால் சென்னை போன ஃபைல்

அன்றைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். புதுச்சேரியில் பஸ் ஏறி சென்னையில் இறங்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்கு கிண்டியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. ஒரிஜினல் சான்றிதழ் இல்லாமல் வருபவர்களுக்கு அனுமதி இல்லை என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

எங்கள் ஊர் நெய்வேலி. அங்கிருந்தே சென்னைக்கு நேர் பஸ் உண்டு. ஆனால் என் டிகிரி சர்டிபிகேட் நான் படித்த புதுச்சேரி கல்லூரியில் கிடந்தது. முந்தின நாளே போய் அதை வாங்கிக்கொண்டு சித்தி வீட்டில் தங்கிவிட்டேன்.

காலை ஏழரைக்கு அப்பா போன் செய்தார். மைன்ஸில் முதல் ஷிப்ட். பின்னால் மெஷின் இரைச்சல்.

"பஸ் ஸ்டாண்டு வந்துட்டியா? நல்லா கேட்டுக்கோ. வண்டி உள்ள வரும்போதே ஜன்னல் வழியா ஏதாச்சும் போட்டு சீட்டு புடிச்சிடு. கர்சீப் போடாத, தூக்கிப் போட்டுட்டு உக்காந்துடுவாங்க. கொஞ்சம் வெயிட்டா போடு."

அப்பா இந்த விஷயத்தில் நிபுணர். ஷிப்ட் பஸ்ஸில் பதினெட்டு வருடமாக டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னல் சீட்டு அவருடையது. அவர் லீவு போட்ட நாளில்கூட அதில் யாரும் உட்கார மாட்டார்கள்.

என்னிடம் மூன்று பொருள்கள் இருந்தன. ஒன்று ஹேண்ட்பேக். பர்ஸும் போனும் அதில்தான். இரண்டாவது டிபன் பாக்ஸ். உள்ளே தயிர்சாதம், மூடி லூஸ். மூன்றாவது என் ஃபைல்.

இருப்பதில் வெயிட் அதுதான்.

கடலூரிலிருந்து வந்த சென்னை பஸ் உள்ளே நுழைந்தது. ஒரு ஜன்னலோரம் நடுத்தர வயது அக்கா ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்துகொண்டிருந்தார். நான் ஃபைலை ஜன்னலுக்குள் நீட்டி, "அக்கா, பக்கத்துல போட்டுடுங்க" என்றேன். அவர் வாங்கிப் போட்டார். அப்பா சொன்னபடி எல்லாம் சரியாக நடந்தது.

படியில்தான் சிக்கல். நான் டவுன்ஷிப்பில் வளர்ந்தவள். வரிசை தெரியும், நெரிசல் தெரியாது. கைக்குழந்தைக்காரம்மா வந்தார், விட்டேன். ஒரு பெரியவர் வந்தார், விட்டேன். "தோ ஏறிக்கிறேம்மா" என்று சாக்கு மூட்டையோடு ஒருவர் வந்தார், அவரையும் விட்டேன். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று மூட்டைகள் வந்தன.

மூன்றாவது மூட்டை ஏறியதும் கண்டக்டர் விசில் அடித்தார். "இடமில்ல, அடுத்த வண்டில வாங்க."

"சார், எனக்கு சீட்டு இருக்கு" என்றேன். எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

பஸ் போய்விட்டது. பத்தாவதிலிருந்து டிகிரி வரை நான் படித்தது முழுக்க மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் சென்னையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த பஸ் கால் மணி நேரம் கழித்து வந்தது. இந்த முறை யாருக்கும் வழி விடவில்லை. ஆனாலும் நிற்கத்தான் இடம். கண்டக்டரிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"ஃபைலு அங்க உக்காந்துகிட்டு போவுது, நீங்க இங்க நின்னுகிட்டு வரீங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. டிரைவர் மட்டும் சிரிக்காமல் வேகத்தைக் கூட்டினார்.

காலாப்பட்டு தாண்டியதும் ஒரு தெரியாத நம்பரிலிருந்து போன். ஃபைலை வாங்கிப் போட்ட அக்கா.

"பாப்பா, சீட்டு புடிச்சிட்டு எங்க போய்ட்ட? உன் ஃபைலுல நம்பர் இருந்துச்சு. பக்கத்துல நின்னுகினு வர வாத்தியாருதான் படிச்சு சொன்னாரு."

நடந்ததைச் சொன்னேன். உச்சுக்கொட்டினார்.

"ஒண்ணும் பயப்படாத. மரக்காணம் தாண்டி டீக்கு நிப்பாட்டுவாங்களாம். நீ வர்ற வரைக்கும் வண்டி நவுராது. நான் பாத்துக்கறேன்."

சொன்னபடியே செய்திருந்தார். எங்கள் பஸ் அந்த ஹோட்டல் வாசலுக்குப் போனபோது, டீ குடித்து முடித்த ஒரு கூட்டம் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றது. நான் இறங்கியதும் யாரோ, "வந்துடுச்சு, வண்டிய எடுங்க" என்றார்கள். கையில் இருந்த டிக்கெட்டே போதும் என்று முதல் பஸ் கண்டக்டரும் சொல்லிவிட்டார்.

உள்ளே பதினைந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு சீட்டு காலி. அதில் என் ஃபைல்.

"எத்தினி பேரு கேட்டாங்க தெரியுமா?" என்றார் அக்கா. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மகளைப் பார்க்கப் போகிறாராம். "ஆளே இல்லியேன்னாங்க. ஆளு இல்லன்னா இன்னா, படிப்பு குந்திகினு இருக்குது இல்லன்னு சொன்னேன்."

கூனிக்குறுகி உட்கார்ந்தேன். அப்போதுதான் வாத்தியார் வாயைத் திறந்தார். ரிட்டயர்டு தலைமையாசிரியர். நம்பர் தேடியவர் நம்பரோடு நிறுத்தவில்லை.

"எல்லாம் நல்ல மார்க்கும்மா. மூணாவது செமஸ்டர்ல கணக்குல மட்டும் ஏன் ஃபெயிலு?"

நிற்பவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அது பற்றி விவாதமும் நடந்திருக்க வேண்டும்.

ஏதோ முணுமுணுத்தேன்.

"சார், சத்தமா சொல்லச் சொல்லுங்க. பின்னாடி கேக்கல" என்றார் மூட்டைக்காரர். நான் வழிவிட்டு ஏற்றிய அதே மூட்டைக்காரர்.

என் ஃபைலுக்காக ஒரு மணி நேரம் காலி சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவர்களுக்கு பதில் சொல்லாமல் எப்படி இருப்பது? சத்தமாகச் சொன்னேன்.

"அந்த செமஸ்டர் முழுக்க கடைசி பெஞ்சுங்க. போர்டு தெரியல. முன்னாடி இடம் கேக்க கூச்சமா இருந்துச்சு. அப்புறம் கண்ணாடி போட்டு அடுத்த தடவை பாஸ் பண்ணிட்டேன்."

"அதான் பாத்தேனே" என்றார் அக்கா. "பஸ்ஸுலயும் கேக்கத் தெரியல."

கேள்விகள் திருவான்மியூர் வரை ஓயவில்லை. புராஜெக்ட் என்ன, அது வேலை செய்ததா, சென்னையில் எங்கே தங்குவாய், சம்பளம் குறைவாகச் சொன்னால் என்ன சொல்வாய். நான் தலையைக் குனிந்தபோதெல்லாம் பின் சீட்டிலிருந்து, "கேக்கல" என்று குரல் வந்தது. இறங்கும்போது வாத்தியார் ஃபைலை என் கையில் கொடுத்து, "பரவால்ல, தேறிடுவ" என்றார்.

கிண்டியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் மார்க் ஷீட்டைப் புரட்டினார். "மூணாவது செமஸ்டர்ல மேத்ஸ்ல என்ன ஆச்சு?"

பின் சீட்டுக்கும் கேட்கும்படி பதில் சொன்னேன். அந்த அறையில் பின் சீட்டு கிடையாது. ஓரத்தில் இருந்தவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். "எப்படிம்மா இருந்துச்சு இன்டர்வியூ?"

"முதல் ரவுண்டுதாம்ப்பா கஷ்டம். ஒரு பஸ் ஆளுங்க. ரெண்டாவதுல மூணே பேர்."