நாக்குத்தள்ளிக்கு வைத்த சந்தனப் பொட்டு

'கம்ப்யூட்டர் கதம்பம்' மாத இதழின் ஆசிரியர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, மதுரை பழங்காநத்தத்திலிருந்து வி. முத்துக்குமரன், பதினோராம் வகுப்பு, கைகூப்பியும் பல்லைக் கடித்தும் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் ஒரு குறைவுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அதுதான் என் முதல் புகார். ஒரு வாசகனை இந்த நிலைக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டு நீங்கள் அங்கே குறைவில்லாமல் இருப்பது நியாயமா என்று உங்கள் மனசாட்சியைக் கேட்டுப் பாருங்கள். அது லீவில் போயிருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

தங்கள் இதழில் 'வென்று காட்டு' என்ற பகுதியை கேம் கேசரி என்பவர் எழுதிவருகிறார். கேசரி என்றால் சிங்கம் என்று எங்கள் தமிழய்யா சொல்லியிருந்ததால் நானும் மரியாதையோடு படித்தேன். இது ரவையில் செய்கிற கேசரி என்பதும், கிண்டப்பட்டது நான்தான் என்பதும் இப்போது தெரிகிறது. போன இதழில் அவர் 'கடைசி வில்லனைக் கவிழ்க்க நான்கு உத்திகள்' என்று எழுதியிருந்தார். அந்த நான்கையும் நம்பியதால் என் மீசை இன்று ஆபத்தில் இருக்கிறது. விவரம் சொல்கிறேன்.

எங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சுருளி அண்ணன் வீடியோ கேம் கடை வைத்திருக்கிறார். அங்கே ஒரு சண்டை விளையாட்டு இருக்கிறது. எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷையில் வருவதால் அதன் கதை என்ன, யார் யாருடைய அப்பாவைக் கொன்றார்கள் என்பது இதுவரை யாருக்கும் தெரியாது. வாளும் கேடயமும் வைத்திருக்கும் ஒரு பொடியனை நாம் ஓட்டிக்கொண்டே போகவேண்டும். கடைசியில் நெருப்புக் குழிக்கு நடுவே நாலு கையோடும் எருமைக் கொம்போடும் ஒருவன் எழுந்து நிற்பான். நாக்கு முட்டிவரை தொங்கும். அவனிடம் போனவர்களுக்கும் நாக்குத் தள்ளிவிடுவதால் அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் நாக்குத்தள்ளி. பழங்காநத்தத்தில் அவனை ஜெயித்தவர் எவருமில்லை. பக்கத்துப் பைக்காராவிலிருந்து ஒரு பையன் வந்து முயன்றுவிட்டு, ஜாய்ஸ்டிக்கைக் கும்பிட்டு வைத்துவிட்டுப் போனான்.

இங்கேதான் என் வாய் தன் வேலையைக் காட்டியது. என் வகுப்புத் தோழன் சாய்பிரசாத், நெசவுக்காரர் வீட்டுப் பையன், விரல் தறியில் நாடா ஓடுகிற வேகத்தில் ஓடும், வாய் அதைவிட வேகம். நான் நாக்குத்தள்ளியிடம் உதை வாங்குவதைப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, அவன் ஒங்க சித்தப்பாவா? அம்புட்டு மரியாதையா அடிக்கிற" என்றான். கடை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. ஆயுத பூஜை முடிவதற்குள் இவனைக் கொல்லாவிட்டால் பாதி மீசையை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சுருளி அண்ணன் சாட்சி.

அய்யா, பாதி மீசை என்பது உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் வீட்டில் அது பாதி உயிர். சுவரில் இருக்கிற போட்டோக்களில் முதலில் தெரிவது மீசை, அதற்குப் பின்னால்தான் ஆள். என் அப்பா விருமாண்டி பேசும்போது மீசை ஆமாம் போடும். எனக்கு முளைத்திருப்பது கொஞ்சம்தான். வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஒவ்வொரு முடியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடலாம். இருந்தாலும் விளக்கெண்ணெய் தடவித் தடவி நான் ஆளாக்கிய மீசை. அதில் பாதியை இழந்து அப்பாவின் முன் போய் நின்றால் மீதி இருக்கிற என்னை அவர் பார்த்துக்கொள்வார்.

ஆகவே தங்கள் கேசரியை நம்பினேன். முதல் உத்தி, வில்லனின் கண்ணை உற்று நோக்கினால் அவன் அடுத்து செய்யப்போவது அதில் தெரியும் என்பது. நாக்குத்தள்ளிக்கு முகத்தில் மூன்று கண், மார்பில் ஒன்று. எதை நோக்குவது என்று அவர் எழுதவில்லை. நான் நெற்றிக் கண்ணைத் தேர்ந்தெடுத்தேன். சுருளி அண்ணன் டிவியில் சிவப்பு நிறம் ஒழுகும் என்பதால் கண் எது, காது எது என்று பிரியவில்லை, கிட்டே போனேன், இன்னும் கிட்டே போனேன், அண்ணன் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து, "டேய், உள்ள போயிராத, வெளிய எடுக்க மெக்கானிக் கிடையாது" என்றார். அதற்குள் நாக்குத்தள்ளி என்னை மிதித்துவிட்டுக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். கண்ணில் அவன் அடுத்த அசைவு தெரியவில்லை. என் கண்ணில்தான் பூச்சி பறந்தது.

இரண்டாவது உத்தி, விடாமல் இடப்பக்கமாகவே வட்டமடிக்க வேண்டும் என்பது. எங்கள் ஜாய்ஸ்டிக்கை இதற்கு முன் பிடித்தவர்கள் உப்பு மிளகாய் போட்ட மாங்காயைத் தின்றுகொண்டே பிடித்தவர்கள். இடப்பக்கப் பட்டன் அமுங்கினால் எழுந்திருக்க மனசு வராது. நான் இடப்பக்கம் திருப்பியதும் பொடியன் ஓட ஆரம்பித்தான். நாக்குத்தள்ளியைச் சுற்றினான், சுற்றினான், சாமி சப்பரத்தோடு போகிறவனைப்போல நிற்காமல் சுற்றினான். அவனோடு சேர்ந்து நானும் சாய்ந்து சாய்ந்து சாய்பிரசாத்தின் மடியில் விழுந்தேன். பொடியன் நெருப்புக் குழியில் விழுந்தான். அவனுக்கு விழுந்த இடம் தேவலை. சாய்பிரசாத் என் தலையைத் தடவிக்கொடுத்து, "தூங்கு மாப்ள, நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்றான்.

மூன்றாவது, சின்னச் சின்ன அடியாக அடித்து வில்லனைக் களைப்படையச் செய்ய வேண்டுமாம். அடித்தேன். அவன் களைப்படைவதாக எந்தத் தகவலும் இல்லை. என் கட்டைவிரல் கொப்புளித்து, வெடித்து, மறுபடியும் கொப்புளித்தது. அதை அம்மா பார்த்துவிட்டார். காலாண்டுத் தேர்வுக்கு எழுதி எழுதித்தான் பிள்ளையின் விரல் இப்படிப் போயிற்று என்று அவராகவே ஒரு முடிவுக்கு வந்து, அவித்த முட்டையும் கண்ணீருமாக என் முன்னால் உட்கார்ந்தார். அய்யா, அந்த முட்டையை விழுங்கியபோது என் தொண்டையில் இறங்கியது முட்டை இல்லை, அடுத்த வாரம் வரப்போகிற மதிப்பெண் அட்டை. இதற்கும் கேசரிதான் பொறுப்பு.

இனி நான்காவது உத்திக்கு வருகிறேன். இதை எழுதும்போது என் பேனா தாளைக் கிழிக்கிறது. 'நெருக்கடியான கட்டத்தில் விளையாட்டை நிறுத்தும் பட்டனை அழுத்துங்கள், எழுந்து போய் முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள், தெளிந்த மனத்தோடு திரும்பி வாருங்கள்.' இதுதான் அவர் எழுதியது. ஆயுத பூஜையன்று நான் சொந்த மூளையில் விளையாடினேன். என்ன ஆயிற்றோ தெரியவில்லை, பொடியன் பறந்து பறந்து வெட்டினான். நாக்குத்தள்ளியின் தலைக்கு மேலே அவன் உயிர் எவ்வளவு பாக்கி என்று காட்டுகிற சிவப்பு லைஃப் கோடு கரைந்து கரைந்து நூல் மாதிரி ஆகிவிட்டது. இன்னும் ஒரே வெட்டு. சாய்பிரசாத் சிரிப்பதை நிறுத்தியதை முதல் முறையாக அன்றுதான் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து என் மண்டைக்குள் கேசரி வந்து உட்கார்ந்துகொண்டு, முகம் கழுவு என்றார். பட்டனை அழுத்தினேன். வெட்ட ஓங்கிய வாளோடு பொடியன் அப்படியே நின்றான். நாலு கையையும் விரித்து நாக்குத்தள்ளி அப்படியே நின்றான். நான் தெருமுனைக் குழாய்க்குப் போனேன். பண்டிகை நாள் என்பதால் தெருவிலிருந்த குடம் எல்லாம் அங்கே இருந்தது. என்னை முன்னால் விட யாருக்கும் மனமில்லை.

திரும்பி வந்தால் கடையில் பத்தி வாசனை. சுருளி அண்ணன் திருஷ்டிப் பூசணிக்காய் வாங்கப் போயிருந்த நேரத்தில் அவருடைய மனைவி ஒச்சம்மாள் அக்கா பூஜைச் சாமானோடு வந்துவிட்டிருக்கிறார். கடைப்பக்கம் வருஷத்துக்கு ஒருமுறை, இந்தப் பூஜைக்கு மட்டும்தான் அவர் வருவார். தொழில் செய்கிற சாமானுக்குச் சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும் அல்லவா, ஒவ்வொரு பெட்டியாக வைத்துக்கொண்டே வந்திருக்கிறார். மற்ற டிவி எல்லாம் அணைந்து கிடக்க, இது மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உள்ளே நாலு கையும் நெற்றிக் கண்ணும் நெருப்புமாக ஒருவர் நாக்கைத் தள்ளிக்கொண்டு நின்றார். அக்கா வேறென்ன நினைப்பார். கண்ணாடிக்கு மேலேயே நெற்றிப் பக்கமாகப் பார்த்துச் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, டிவிக்கு மாலை போட்டு, வாழையிலையில் பொரிகடலையும் சுண்டலும் படைத்து, சூடம் காட்டிவிட்டார். நான் உள்ளே நுழைந்தபோது கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாய்பிரசாத்தும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவன் தோள் குலுங்கியதிலிருந்து அது பக்தி இல்லை என்று கண்டுகொண்டேன்.

அக்கா கண்ணைத் திறந்து, "ஏப்பா, சாமி காலடியில கத்தியோட நிக்கிறது யாரு, பூசாரியா?" என்று கேட்டார்.

"அது நான்தாங்க்கா" என்றேன்.

அவருக்கு நான் விஷயத்தைச் சொன்னேன். ஒரே ஒரு வெட்டுத்தான், அதற்குப் பிறகு நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கும்பிடலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் லைஃப்தான் நூலாகிவிட்டது. "பூச போட்ட சாமிய வெட்டப் போறியாடா? ஒன்னையப் பெத்தவுக சோறுதான் போட்டாகளா, வேற எதுவும் போட்டாகளா?" என்றார். பூஜையில் வைத்த சாமானை மறுநாள் மறுபூஜை முடியாமல் எடுக்கக்கூடாது என்பது சட்டம். சரி, டிவியையாவது அணைத்துவிடுங்கள், விளையாட்டு கலைந்துபோகட்டும், பந்தயமும் கலைந்துவிடும் என்றேன். எரிகிற விளக்கை அணைக்கச் சொல்கிறவன் என்று அதற்கும் சேர்த்து வாங்கினேன். பூசணிக்காயோடு வந்த சுருளி அண்ணன் நிலவரத்தைப் பார்த்ததும் பூசணிக்காய்க்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

மறுநாள் மறுபூஜை முடிந்து நான் ஜாய்ஸ்டிக்கைத் தொடப் போனால் அதற்கும் தடை. மாசக்கணக்கில் ஓடாமல் கிடந்த அவர்கள் வீட்டு போர்வெல் மோட்டார் அன்று காலை தானாக ஓடிவிட்டதாம். நாக்குத்தள்ளி வந்த நேரமாம். ஒச்சம்மாள் அக்கா அவரை "ஐயா" என்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வருகிறார்கள். கெடு முடிந்தது, மீசையைக் கொடு என்று சாய்பிரசாத் பிளேடோடு நிற்கிறான். சுருளி அண்ணன்தான் இரக்கப்பட்டு, ஒரு வெட்டு பாக்கி என்றால் செத்த மாதிரிதான் என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொடுத்தால் பந்தயத்தில் நான் ஜெயித்ததாக ஒத்துக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்.

ஆகவே ஆசிரியர் அவர்கள் உடனே, தபால் கண்டதும், கையெழுத்தும் முத்திரையும் போட்டு எனக்கு ஒரு சான்றிதழ் அனுப்ப வேண்டும். நூலளவு லைஃப் இருக்கிற வில்லன் செத்தவனே என்று அதில் இருக்க வேண்டும். இரண்டாவதாக, 'வென்று காட்டு' பகுதியை இந்த மாதத்தோடு ஊற்றி மூட வேண்டும். கேசரி அவர்களுக்கு வேறு வேலை வேண்டுமென்றால் இங்கே குழாயடியில் வரிசை ஒழுங்குபடுத்த ஆள் இல்லை.

தங்கள் பேனாவில் மை வற்றாமலும், கேசரி அவர்களின் பேனாவில் மை ஊறாமலும் இருக்க மீனாட்சியம்மனை வேண்டிக்கொண்டு,

இந்த நிமிஷம்வரை முழு மீசையுடன்,
வி. முத்துக்குமரன்

பின்குறிப்பு: சான்றிதழ் வேண்டாம். நேற்று கவரை ஒட்டப் போகும்போது பழங்காநத்தம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்தபோது டிவியில் ஐயா இல்லை. ஒச்சம்மாள் அக்கா என் வீட்டுக்கே வந்து, "நீதான கூட்டியாந்த, நீயே திரும்பக் கூட்டியா" என்று என்னைக் கையோடு இழுத்துப் போய் உட்காரவைத்தார். நான் முதலிலிருந்து விளையாடி நாக்குத்தள்ளியிடம் போய்ச் சேர்ந்தேன். அடித்தால் தொலைத்துவிடுவேன் என்று அக்கா தலைக்கு மேலே நிற்கிறார். நிறுத்தும் பட்டன் பொரிகடலைத் தூளும் சந்தனமும் புகுந்து இறுகிக்கிடக்கிறது. வேறு வழியில்லாமல் கேடயத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அவன் நெருப்பை ஊதினான். அது கேடயத்தில் பட்டு அவன் மேலேயே திரும்பியது. மறுபடி ஊதினான். மறுபடி திரும்பியது. ஊதி ஊதித் தானாகவே மண்டியிட்டுச் செத்துப்போனான். ஜப்பான் எழுத்து மேலே மேலே ஓடியது. பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டார்கள். பூஜை போட்ட சாமியே தன்னைப் பலி கொடுத்துக்கொண்டதால் கெடுவைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சாய்பிரசாத் பிளேடைத் தூரப் போட்டான். இந்த உத்தியை என் பெயரில் 'வென்று காட்டு' பகுதியில் வெளியிடவும். பகுதியை மூட வேண்டாம். கேசரி அவர்களுக்கு என் வணக்கம்.

ஒச்சம்மாள் அக்கா அழுதுகொண்டே நேராக என் அம்மாவிடம் போனார். சாமியைக் கொன்ற பாவம் போக வேண்டுமே. இரண்டு பேருமாகப் பேசி முடித்து இன்று காலை என்னை அழகர்கோவிலுக்குக் கூட்டிப்போய் மொட்டை போட்டார்கள். தலையை முடித்ததும் நாவிதர் கத்தியை நிறுத்தி, மீசையும் உண்டா என்று கேட்டார். "பின்ன, அது மட்டும் எதுக்கு" என்றார் அம்மா. சாய்பிரசாத்துக்குப் பாதிதான் கேட்கத் தெரிந்திருந்தது.