ஏழாவது விரிவுரையை மட்டும் பார்க்க வேண்டாம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக், நியூஜெர்சி.

மரியாதைக்குரிய மச்சான் சேனாபதி அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வசந்தாமணியும் சுகம். ஃப்ரீமான்ட்டில் தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பல்கலைக்கழகத்துக்காக நான் வீட்டிலிருந்து நடத்தும் புள்ளியியல் விரிவுரைகளைப் பார்க்க வேண்டும் என்றீர்கள். நேற்றே லிங்க் அனுப்பிவிட்டேன். ஏழாவதை மட்டும் பார்க்க வேண்டாம். அதில் ஆடியோ சரியில்லை. உண்மையில் ஆடியோ பிரமாதம், அதுதான் தொல்லையே. நேரலைக்கு வருவது நாலு பேர், அவர்களும் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள். மற்ற எண்பது பேரும் நினைத்தபோது பதிவைப் போட்டு இரட்டை வேகத்தில் ஓட்டுவார்கள். அன்று இடைவேளையில் ரெக்கார்டிங்கை நிறுத்த மறந்துவிட்டேன். தமிழ்தானே, எவனுக்குப் புரியப்போகுது என்ற தைரியத்தில், நீங்கள் நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வருவதைப் பற்றி வசந்தாமணியிடம், “உங்கண்ணன் சோபால உக்காந்தா எந்திரிக்க மாட்டாரு, நாம வேற சோபாதான் வாங்கோணும்” என்று சும்மா சொன்னேன். சப்டைட்டில் போடும் பாழாய்ப்போன மெஷின் அதையும் இங்கிலீஷாக்கிக் கீழே ஓட விட்டுவிட்டது! அந்த இடத்தை மட்டும் பிள்ளைகள் நிதானமாகத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அந்த அண்ணன் கிறிஸ்துமஸுக்குள் எழுந்திருக்க நிகழ்தகவு என்ன என்று வீடியோவுக்குக் கீழே ஒருவன் கேட்க, ஆளாளுக்கு விடை போட்டிருக்கிறார்கள், சிலது சரியான முறையில்! வெட்டிவிடலாம் என்றால், இந்த செமஸ்டரில் அதிகம் பார்த்த பகுதியே அதுதான், கை வைக்காதீர்கள் என்கிறார் துறைத் தலைவர்.

வசந்தாமணியோ, “ஏனுங்க, எங்கண்ணன் மட்டும் வரலீன்னா, அந்த எம்பது பேருகிட்டயே போயிச் சோறு கேட்டுத் தின்னுக்கங்க” என்று சொல்லிவிட்டாள். இரண்டு நாளாக வெறும் ரொட்டிதான் மச்சான். ஆகவே தாங்கள் ஏழாவதைப் பார்க்காமல் அவசியம் வர வேண்டும். சாரதா அக்காவுக்கு என் வணக்கம். சபரிக்கு ஆசிகள்.

என்றும் தங்கள் அன்பை வேண்டும்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: இதை அனுப்பப்போகும்போது உங்கள் வாட்ஸப் செய்தி வந்தது: “மாப்ள, ஏழாவத மூணு தடவ பாத்துட்டேன். அந்தப் பசங்க போட்ட கணக்கெல்லாம் தப்பு, சரியான விடை சைபர்னு நானே கீழ எழுதிட்டேன். டிக்கெட் போட்டாச்சு. சோபாவக் கேமராப் பக்கமாத் திருப்பிப் போட்டு வைங்க.”