இடது கால் வளர்த்த பிரதர்

வியாழக்கிழமை சாயங்காலமானால் ஹார்ட்வெல் கல்லூரி ஜிம்முக்குள் காலெடுத்து வைக்க முடியாது. அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டு ஊரே உட்கார்ந்திருக்கும். முட்டிவலிக்காரர்கள் முன்வரிசையில், முதுகுவலிக்காரர்கள் பின்வரிசையில். வேறு வேலையில்லாதவர்கள் எல்லா வரிசையிலும். அத்தனை பேரும் பார்க்க வந்தது ஜெபம் பண்ணிக் குணமாக்கும் பிரதர் டெல்மர் க்ராஃப்டை. பிரதர் கால் வளர்ப்பார்.

ஆமாம், காலைத்தான். மிசிசிப்பியில் பருத்தி வளர்ப்பவர் உண்டு, கெளுத்திமீன் வளர்ப்பவர் உண்டு. கால் வளர்ப்பவர் இவர் ஒருவர்தான்.

எங்கள் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர். அந்த வருஷம் முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றுப் பையன்கள் அந்தப் பெயரைக் காப்பாற்றினார்கள். கோச் ரேபர்ன் டட்டிலின் சீட்டுக் கிழியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பயிற்சி சரியில்லை என்று ஒப்புக்கொள்வதைவிட, யாரோ சாபம் விட்டுவிட்டார்கள் என்று நம்புவது எந்தக் கோச்சுக்கும் வசதி. அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் பிரதர். வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கார், வெள்ளைப் பல்.

பையன்களை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு ஷூவையும் சேர்த்துத் தூக்கிப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"கோச், உங்க பசங்க எல்லாருக்கும் இடது கால் குட்டை. சாபம். அதான் பந்தை இடுக்கிட்டு ஓடுறவனெல்லாம் சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுறான்."

"எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலையே, பிரதர்?"

"சாபம் எக்ஸ்ரேல விழுமா, கோச்?"

இப்படி ஒரு விளக்கத்தை எந்த டாக்டர் தருவார்? பிரதர் கண்ணை மூடி, "இடது காலே, வளரு!" என்று கத்தினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குட்டைக் கால் நீண்டு மற்றதோடு சமமாக நின்றது. ஜிம்மே "ஆமென்!" என்று அதிர்ந்தது.

அந்தச் சனிக்கிழமை ஜெயித்தோம். எதிரணியில் பந்து எறிபவன் கெட்டுப்போன இறாலைத் தின்றுவிட்டுக் கழிவறையே கதியென்று கிடந்தான். அதை யார் சொல்வது? அடுத்து வந்த இரண்டு அணிகள் எங்களைவிட மோசம். அதை யார் நினைப்பது? ஜெயித்ததெல்லாம் பிரதரால். நடுவில் ஒன்று தோற்றபோது, கூட்டத்தில் நம்பிக்கையில்லாத ஒருத்தன் இருந்ததால். பிரதர் வேர்வை துடைத்த துண்டுகள் வாசலில் குவியல் குவியலாக விற்றன. ஒரு மனிதனுக்கு இவ்வளவு வேர்வையா என்று கேட்க ஒரு நாதியில்லை.

சந்தேகப்பட்டவன் ஒருவன் இருந்தான், ஓட்டிஸ் ப்ராட். நடுவில் குனிந்து பந்தைப் பின்னால் கொடுத்துவிட்டு, எதிரே வருகிறவன்மேல் மலை மாதிரி விழுவது அணியில் அவன் வேலை. பிரதர் அவனுடைய இடது காலை வளரச் சொன்னபோது, நகர்ந்ததென்னவோ அவனுடைய வலது ஷூ. ஆனால் ஜெயிக்கிற அணியில் யார் வாயைத் திறப்பார்கள்? அவனும் மூடிக்கொண்டுதான் இருந்தான்.

நவம்பரில் டெமட்ரியஸுக்கு முட்டி போனது. எங்கள் அணியில் நிஜமாகவே ஓடத் தெரிந்த ஒரே பையன் அவன், ஓட்டிஸின் அறைத்தோழன். டாக்டர் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார். பிரதர் அதற்கு முந்திய சனிக்கிழமையைக் குறித்தார். அன்றுதான் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கல்லூரியோடு கடைசி ஆட்டம். "வியாழக்கிழமை இழுக்கிறேன். சனிக்கிழமை ஓடுவான்" என்று அறிவித்துவிட்டார்.

"டேய், இன்னொரு அடி விழுந்தா ஆயுசுக்கும் நொண்டிதான்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்றான் ஓட்டிஸ்.

"அவருக்கு நம்பிக்கை இல்லடா. பெரிய டீம்லேர்ந்து என்னைப் பாக்க ஆள் வர்றாங்க. நான் ஓடியே ஆகணும்."

சொல்லிக்கொண்டே எழுந்த டெமட்ரியஸ், வலி தாங்காமல் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். அதைப் பார்த்த பிறகு ஓட்டிஸால் மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

வியாழக்கிழமை. டெமட்ரியஸ் நாற்காலியை நெருங்குவதற்குள் ஓட்டிஸ் போய் அதில் உட்கார்ந்தான்.

"பிரதர், முதல்ல எனக்கு. இடது கால் மறுபடி குறைஞ்சுபோச்சு."

பிரதர் பூரித்துப்போனார். ஓட்டிஸ் ஷூவைக் கழற்றினான். சாக்ஸையும் கழற்றினான். முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்சம் பின்வாங்கியது.

"தம்பி, ஷூவைப் போடு. பிரார்த்தனைன்னா ஒரு மரியாதை வேணாமா?"

"சாபம் ஷூவுக்கா பிரதர், காலுக்கா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் பிரதர் வெறுங்காலைத் தூக்கினார். முன்வரிசை யூலா அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள்.

"ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு!"

"போன மாசம் நான் வளர்த்தது, அப்படியே நிக்குது" என்றார் பிரதர். லேசுப்பட்டவரா அவர்!

"ரொம்பச் சந்தோஷம். கோச், நீங்க வாங்க. ஷூவோடயே உக்காருங்க."

ஓட்டிஸ் கோச்சின் ஷூக்களைச் சேர்த்துத் தூக்கினான். இடது கால் இரண்டு விரற்கடை குட்டை! கூட்டம் மூச்சை இழுத்தது. "வளரு!" என்றான். வளர்ந்தது. பழக்கதோஷத்தில் பாதிப் பேர் "ஆமென்!" என்றார்கள்.

"ஆமென் எல்லாம் எதுக்கு? நேத்து பீர் குடிச்சிட்டுப் புல்தரையில விழுந்து கிடந்தவன் நான். எனக்கு ஏது சக்தி? நல்லாப் பாருங்க. வலது ஷூவைக் குதிகால்லேர்ந்து கொஞ்சம் வெளிய இழுக்கிறேன். இடது குட்டையாத் தெரியுதா? இப்ப கத்துற சாக்குல ஷூவை உள்ள தள்ளுறேன். வளர்ந்துடுச்சா? அவ்வளவுதான்." பிரதரின் பக்கம் திரும்பினான். "இங்க இத்தனை பேர் இருக்காங்க. யாரை வேணும்னாலும் வெறுங்காலோட உக்கார வெச்சு, ஒரு நூல் அளவு வளர்த்துக் காட்டுங்க. அப்புறம் டெமட்ரியஸை நானே தோள்ல தூக்கிட்டுப் போய் மைதானத்துல விடுறேன்."

"அவிசுவாசிகள் நடுவில் வரம் இறங்காது" என்றார் பிரதர். வரம் இறங்கவில்லை, அவர்தான் மேடையிலிருந்து இறங்கினார். வெள்ளைக் கார் போன வேகத்தைப் பார்த்தபோது, அணியில் அவரையே ஓடவிட்டிருக்கலாம் என்று தோன்றியது.

"ஊர் முன்னாடி என் ஆட்டத்தைக் கெடுத்துட்டியேடா!" என்று டெமட்ரியஸ் அழுதான்.

"ஆட்டம்தான் போச்சு. கால் இருக்குடா."

அறுவை சிகிச்சை முடியும்வரை டெமட்ரியஸ் அவனிடம் பேசவில்லை. கண் விழித்ததும் தேடியது அவனைத்தான்.

அதற்கு முன்பே, அந்தச் சனிக்கிழமை, டெமட்ரியஸ் இல்லாமல் செம அடி வாங்கித் தோற்றோம். ஓட்டிஸ் பிரதரைப் பகைத்ததுதான் காரணம் என்று ஊர் கண்டுபிடித்தது. அதோடு விட்டதா? மறுநாள் யூலா அம்மா அவன் அறைக் கதவைத் தட்டினாள். பின்னால் ஒரு வரிசையே நின்றது, எல்லோரும் ஷூவோடு.

"பிரதர்தான் போயிட்டாரு. நீயும் நல்லாத்தானேப்பா இழுக்கிறே? என் இடது காலைக் கொஞ்சம்..."

ஓட்டிஸ் அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"குட்டையா இருக்கிறது கால் இல்லம்மா, கழுத்துக்கு மேல இருக்கிறது. அதை இழுத்து நீட்ட எந்தப் பிரதராலயும் ஆகாது. நீங்களா வளர்த்துக்கிட்டாத்தான் உண்டு."